பதம் பார்க்கும் கணக்கு

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. புள்ளியியலார் பானையை 'முழுமைத் தொகுதி' என்றும் பதம் பார்க்க எடுக்கும் பருக்கைகளைக் 'கூறு' என்றும் வழங்குவர். பானை முழுவதும் ஒருசீராக வெந்திருந்தால்தான் இப்பழமொழி பொருந்தும். மக்களின் வாழ்நிலையும் கருத்தும் ஒருசீரானவை அல்ல. ஆகவே, கூறு எவ்வளவு பெரியது என்பதைவிட, எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே முதன்மையான வினாவாகும்.

பெரிய கூறும் பெரும்பிழையும்

1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்குக் கருத்துக்கணிப்பு அட்டைகளை அனுப்பியது. 20 லட்சத்திற்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். லாண்டன் வெல்வார் என இதழ் அறிவித்தது. ஆனால், மொத்தமிருந்த 48 மாநிலங்களுள் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார்.

தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மகிழுந்துப் பதிவேடுகளிலிருந்துமே முகவரிகள் பெரும்பாலும் திரட்டப்பட்டன. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய அக்காலத்தில் இவ்விரண்டும் ஏழைகள் பலருக்கு எட்டாதவை. அட்டை பெற்றவர்களிலும் பெரும்பாலோர் விடையளிக்கவில்லை. மக்களின் பல பிரிவினரும் இடம்பெறுமாறு மிகச் சிறிய கூறினை அமைத்த ஜார்ஜ் காலப், ரூஸ்வெல்ட்டின் வெற்றியை முன்கூட்டியே கூறினார்.

சமவாய்ப்பின் பயன்

ஒரு தெருவிலுள்ள 5 வீடுகளில் முறையே 2, 3, 4, 5, 6 பேர் வாழ்வதாகக் கொள்வோம். சராசரி 4. குலுக்கல் முறையில் 2 வீடுகளைத் தேர்ந்தெடுத்தால் 10 இணைகள் அமையக்கூடும். ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு சமம். அவற்றின் சராசரிகளை நிகழ்வெண் பரவலாக அமைப்போம்.

சராசரி: 2.5 | 3 | 3.5 | 4 | 4.5 | 5 | 5.5
நிகழ்வெண்: 1 | 1 | 2 | 2 | 2 | 1 | 1

3.5 முதல் 4.5 வரை அமைவன 6 இணைகள். எனவே, உண்மைச் சராசரியிலிருந்து அரை அளவுக்கு மேல் விலகாத விடை கிடைப்பதற்கான நிகழ்தகவு 6/10, அதாவது 0.6. குலுக்கலிலும் பிழை நேரலாம். ஆயினும் அப்பிழையின் வாய்ப்பை முன்னரே கணக்கிட இயலும். மாறாக, அணுகுவதற்கு எளிது என்று கடைசி இரு வீடுகளையே நாடினால், எத்தனை முறை கணக்கெடுத்தாலும் 5.5 என்னும் பிழையான விடையே கிடைக்கும்.

இந்தியாவில் பி. சி. மகலனோபிஸ், வங்காளத்தின் சணல் பயிர்ப்பரப்பைக் கூறெடுப்பு முறையில் மதிப்பிட்டுக் காட்டினார். 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கப்பட்டது. குடும்பங்களின் நுகர்வு, வேலைவாய்ப்பு பற்றிய செய்திகள் இத்தகைய கணக்கெடுப்புகளின் வழியே அரசுக்குக் கிடைக்கின்றன. கூறில் இடம்பெற வாய்ப்பே இல்லாதவரின் தேவை, திட்டங்களிலும் விடுபட்டுப் போகக்கூடும்.

பயிற்சி: மேற்கண்ட தெருவில் குலுக்கல் முறையில் 4 வீடுகளைத் தேர்ந்தெடுத்தால், சராசரி 3.5 முதல் 4.5 வரை அமைவதற்கான நிகழ்தகவு யாது? அது 0.6இலிருந்து மாறுபடுவதன் காரணத்தை விளக்குக.