வயலுக்குக் கீழே ஒரு சாஸ்திரம்

தஞ்சை ஜில்லா மிராசுதார் ஒருவரை அவருடைய நிலத்தைப்பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த வாய்க்கால் பாய்கிறது, குறுவைக்கு ஏற்ற வயல் எது என்று மளமளவென்று சொல்லுவார். அதே வயலுக்கு ஆயிரம் அடி கீழே என்ன இருக்கிறதென்றால் விழிப்பார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. பட்டம் பெற்ற அவருடைய புதல்வர்களும் அவ்வாறே விழிக்கின்றனர்! வக்கீல், டாக்டர், இஞ்சினீயர் என்ற மூன்று வாயில்களையே நம் பிள்ளைகளுக்குத் திறந்து வைத்திருக்கிறோம். பூகர்ப்ப சாஸ்திரத்தை உயர்தரமாகக் கற்க அனுப்புவோர் மிகச் சிலர்.

இதன் நஷ்டம் சாமானியமானதன்று. 2010-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மீத்தேன் எடுக்க ஒரு கம்பெனிக்கு உரிமை வழங்கப்பட்டது. குடியானவர்கள் கொதித்தெழுந்தனர், திட்டம் நின்றது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் பிறந்தது. ஏற்கெனவே நடந்துவந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை. 2023-இல் மத்திய சர்க்காரின் பழுப்பு நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி முதலிய டெல்டாப் பகுதிகள் இடம்பெற்று, எதிர்ப்பின்மேல் நீக்கப்பட்டன. கிளர்ச்சி வென்றது மெய்யே. ஆனால் நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கும், உப்பு நீர் எவ்வளவு தூரம் ஏறும் என்று மேடையில் கேட்பது வேறு. எதிர்த்தரப்பின் அறிக்கையை வரிவரியாகப் பிரித்து மறுப்பது வேறு. நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறும்போது அவருடைய சாஸ்திரத்தில் பத்துப் பக்கமேனும் படித்திராத வக்கீல் என்ன குறுக்கு விசாரணை செய்வார்? உரக்கப் பேசுவார். எங்கள் தொழிலில் இது அன்றாடக் காட்சி.

ஏறத்தாழ 13, 14 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பழைய தென்கண்டம் பிளவுபட்டபோது, நம் கீழைக்கரையோரம் பெரும் பள்ளங்களாக இறங்கியது. கடலும் ஆறுகளும் அவற்றை நிரப்பின. சிலவிடங்களில் அப்படிவங்களின் கனம் 5 கிலோமீட்டருக்கும் மேல். எண்ணெயும் வாயுவும் அங்கேதான். நாம் நாற்று நடுவது அதன் மேற்போர்வையில்.

ஆற்றின் கதையும் இச்சாஸ்திரத்தைச் சேர்ந்ததே. முக்கொம்பில் பிரியும் கிளைகளில் கொள்ளிடம் தாழ்ந்தும் சரிவு மிகுந்தும் ஓடுவதால், தண்ணீர் அதில் இறங்கிக் காவேரி வற்றலாயிற்று. அதைத் தடுக்கவே 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணையை எழுப்பினார். அந்நிய துரையாயினும் ஆற்றைப் படித்தவர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2018 ஆகஸ்டில் அவ்வணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் கொண்டுபோயிற்று. மணல் வாரியதே காரணமென்று பலர் குற்றம் சாட்டினர். ஆறு கொணரும் மணலைவிட அள்ளும் மணல் மிகுந்தால் படுகை தாழும். கட்டடத்தின் அடித்தளம் அரிபடும். வருவதெவ்வளவு, போவதெவ்வளவு என்று அளந்து காட்டினாலன்றிச் சர்க்கார் காரியாலயத்தில் வாதம் நிற்காது. மேலும், 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் வண்டலின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. வண்டல் வாராத கழிமுகம் மெல்லத் தாழும், கடல் ஏறும். நாகப்பட்டினம் கரையோரத்தார் இதைக் கவனித்தாக வேண்டும்.

கற்க இடமில்லாமலில்லை. திருச்சி நேஷனல் காலேஜ், அண்ணாமலை சர்வகலாசாலை, சென்னை மாநிலக் கல்லூரி ஆகியவற்றில் இப்பாடம் உண்டு. கொள்ளிடத்தின் வடகரையைத் தாண்டினால் அரியலூர். அங்குள்ள கல்லாய்ப்போன கடற்பிராணிகளை ஆராய ஐரோப்பியப் பண்டிதர்கள் 1840-களிலேயே முனைந்தனர். நம் மாணவனுக்கோ அது பஸ் பிரயாணம்.

டெல்டாவின் தனவந்தர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு இரண்டு குடியானவர் வீட்டுப் பிள்ளைகளின் எம்.எஸ்ஸி. படிப்புச் செலவை ஏற்பார்களா? வரும் சேர்க்கைக்கு முன்பே பதில் தேவை.