பிரசவச் செலவு யார் தலையில்?

வேலை விளம்பரங்களைப் பற்றிய கடிதங்கள் கூடிவிட்டன. மன்னாரின் ஓலைத்தொடுவாயிலிருந்தும் பேசாலையிலிருந்தும் கேட்பது ஒன்றுதான்: விளம்பரத்தில் "ஆண்கள் மட்டும்" என்று போடலாமா? நேர்முகத்தில் "கலியாணம் எப்போது?" என்று கேட்கலாமா?

தனியார் முதலாளி போடலாம், கேட்கவும் செய்யலாம். பால் வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை. ஆனால் அதை வைத்து உயர் நீதிமன்றம் போவதென்றால் அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டுமே போகலாம்.

பெண்கள் நிலைக்கமாட்டார்கள், கடும் வேலை தாங்கமாட்டார்கள் என்று முதலாளிமார் இயற்கையைக் காரணம் காட்டுவார்கள். அவர்களின் கணக்குக் கொப்பி வேறு காரணம் சொல்லும். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் 84 நாள் விடுமுறை தருகின்றன. மூன்றாம் பிள்ளைக்கு 42 நாளாக இருந்த குறையும் 2018இல் நீங்கியது. அரசாங்கம் மார்தட்டும் இந்தப் "பாதுகாப்பில்" தனியார் துறைக்கு அதன் காசு ஒரு சதமும் இல்லை. விடுமுறைச் சம்பளம் அந்தப் பெண்ணை எடுத்த முதலாளியின் பையிலிருந்தே போகிறது. சிறிய கடையில் ஒருத்தி பிரசவத்துக்குப் போனால் அவளுக்கும் சம்பளம், பதிலுக்கு வந்தவளுக்கும் சம்பளம். ஆண்களை மட்டும் வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்கு இந்தச் செலவே கிடையாது. கர்ப்பிணியை வேலையிலிருந்து நிறுத்தினால் சட்டம் பிடிக்கும். முதலிலேயே எடுக்காமல் விட்டவரை யாரும் பிடிக்கமாட்டார்கள்.

இது தெரியாமல் நடப்பதல்ல. தனி முதலாளி தலையில் இந்தச் செலவைக் கட்டக்கூடாது என்கிறது சர்வதேச தொழில் அமைப்பின் 103ஆம் இலக்கச் சமவாயம். இலங்கை 1993இல் அதை ஏற்றுக்கொண்டது, அதோடு சரி. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு ஆண், பெண் பாராமல் ஒவ்வோர் ஊழியருக்கும் முதலாளி 3 சதவீதம் கட்டுகிறார். பிரசவத்துக்கும் அப்படியொரு பொது நிதி இருந்தால் யாரை எடுத்தாலும் ஒரே செலவுதான். ஆண்களை மட்டும் வைத்திருப்பவர்களும் அதற்குக் கட்ட வேண்டிவரும். முனகல் அங்கிருந்துதான் வரும்.

மற்றக் கேள்விகள்:

இரவு வேலை? தொழிற்சாலையில் பெண்களுக்கு மாதம் 10 இரவுதான். கூலி ஒன்றரை மடங்கு.

தகப்பனுக்கு விடுமுறை? தனியார் துறையில் சட்டம் எதுவும் தரவில்லை.

இந்தியாவில்? 2017இலிருந்து 26 வாரம், ஈ.எஸ்.ஐ. என்ற ஊழியர் அரசுக் காப்புறுதி இல்லாத இடத்தில் அங்கும் முதலாளியே கொடுக்க வேண்டும்.

கரையில் சொந்தமாகக் கருவாடு போடும் பெண்களுக்கு? மேலே சொன்ன 1939, 1954ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டிலும் எதுவுமில்லை.

முறைப்பாடு? விடுமுறைச் சம்பளம் தராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். வேலையே தராத தனியாருக்கு எதிராக அங்கே போய்ப் பயனில்லை.