பண்டிகைக்கு மறுநாள் சட்டி

மதுரை கே.கே. நகரில் கிறிஸ்துமஸ் பிரியாணி எத்தனை அண்டா வெந்தாலும், டிசம்பர் 26-க்குத் தமிழக அரசின் விடுமுறைப் பட்டியலில் இடமில்லை. பிரிட்டனில் அப்படியல்ல. அங்கே அது ‘பாக்ஸிங் டே’.

குத்துச்சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேலையாட்களுக்கும் கடைப் பையன்களுக்கும் பெட்டியில் காசும் பொருளும் தந்த பழக்கமே பெயருக்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். ஆங்கிலேய நாட்குறிப்பு எழுத்தாளர் சாமுவேல் பீப்ஸ் 1663-லேயே கிறிஸ்துமஸ் பெட்டியைக் குறிப்பிடுகிறார். 1871-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நாளை வங்கி விடுமுறையாக்கியது. முதல் நாள் எசமான் வீட்டில் சமைத்துப்போட்டவர்களுக்கு மறுநாள்தான் சொந்த வீட்டு நினைப்பு. எசமானுக்கோ ஆறிப்போன மிச்சக் கறி.

அந்த மிச்சத்துக்கு இங்கே வந்த ஆங்கிலேயர்கள் ருசியான வழி கண்டார்கள். வறுத்த இறைச்சித் துண்டுகளை வெங்காயம், பச்சை மிளகாயோடு வதக்கினால் ஜல்ஃப்ரேசி. இன்று ஓட்டல்களில் அதற்குத் தனி விலை!

நம்மூருக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. சுண்டிய கறிக்குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டினால் முதல்நாள் விருந்தே தோற்கும். மீந்த பரோட்டாவைப் பிய்த்து, முட்டையும் சால்னாவும் ஊற்றிக் கொத்தினால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது.

பிரியாணி விஷயத்தில் மட்டும் கவனம். அரிசியிலுள்ள பாசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் வெந்த பிறகும் பிழைக்கும். வெளியில் கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். சூடாக்கினாலும் அது போகாது. அண்டாவோடு மூடி வைக்காமல், சிறு பாத்திரங்களில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.