சவலைப் பிள்ளையும் பைபாஸ் வயிறும்

தமிழில் 'சவலை' என்று ஒரு சொல் இருக்கிறது. அம்மா அடுத்த பிள்ளையைச் சுமக்கத் தொடங்கியதும், பால் கிடைக்காமல் மெலிந்து நோஞ்சானாகிப் போகிற மூத்த பிள்ளைக்கு அந்தப் பெயர். கிட்டத்தட்ட இதே பொருளில் கானா நாட்டின் கா மொழியிலும் ஒரு சொல் உண்டு: குவாஷியோர்கர். 1930-களில் அங்கே வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், தாய்மார்கள் சொன்ன அந்தச் சொல்லையே நோயின் பெயராக 1935-ல் லான்செட் இதழில் எழுதினார். பிறகு 1948-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்-சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராக அவர் வந்து உட்கார்ந்தது இதே ஜெனீவாவில்தான்.

இந்தச் சொல் எனக்குத் தினமும் போனில் வருகிறது. நான் இங்கே மென்பொருள் பொறியாளர், வயது 34. மூன்றரை வருடம் முன்பு எடை குறைக்க கேஸ்ட்ரிக் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். மகளுக்குப் பதினைந்து மாதம், இன்னும் பால் குடிக்கிறாள். வயிற்றில் இரண்டாவது, ஒன்பதாவது வாரம். மதுரையிலிருந்து அம்மா, "முதல்ல அவளுக்குப் பாலை நிறுத்துடி, சவலையாப் போயிருவா" என்கிறார். அத்தை ஒரு படி மேலே போய், "கர்ப்பப் பால் குடிச்சா புள்ளைக்கு வயித்தால போகும்" என்கிறார்.

அத்தை சொன்னதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. கர்ப்பத்தில் பால் கெட்டுப்போவதில்லை, குறைகிறது. ஹார்மோன் மாற்றத்தால் நடுமாதங்களில் அது மெல்லச் சீம்பாலாக மாறி, சுவையும் மாறும். பல குழந்தைகள் அந்தச் சமயத்தில் தாங்களாகவே விட்டுவிடும். பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் கர்ப்பப்பையைச் சுருக்கிக் கருவைக் கலைத்துவிடும் என்ற பயமும் உண்டு. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் அதற்கும் ஆதாரம் கிடையாது. முன்பு குறைமாதப் பிரசவம், இப்போது ரத்தக்கசிவு, இரட்டைக் கரு என்று ஏதாவது இருந்தால்தான் வேறு பேச்சு.

ஆனால் அம்மா சொன்னதை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. காரணம், என் வயிறு மற்றவர்கள் வயிறு மாதிரி இல்லை.

பைபாஸில் சாப்பாடு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமலே கீழே போய்விடும். இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில். பி12 உடம்பில் சேர இரைப்பை அமிலமும், இரைப்பை சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும். இரண்டுமே எனக்குக் குறைவு. ஆக, வரவு குறைந்த இந்த உடம்பிலிருந்து இப்போது மூன்று பேர் செலவு செய்கிறோம். கொழுப்பு, புரதம் என்று பார்த்தால் இந்த அறுவை செய்த பெண்களின் பால் மற்ற தாய்மார்களின் பாலைப் போலத்தான் இருக்கிறது. பி12 விஷயம் வேறு. அம்மாவிடம் இல்லாத பி12 பாலிலும் இருக்காது.

இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் நம்ம ஊர் மருத்துவமனையும் ஒன்று. 1962-ல் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் லான்செட்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்ப்பாலை நம்பி வளர்ந்த கைக்குழந்தைகள் சோர்ந்து, ரத்தசோகையோடு, தோல் கருத்து, கற்றதையெல்லாம் மறந்து பின்னோக்கிப் போயிருந்தன. சில உடம்புகளில் தானாக நடுக்கம். தாய்மார்களின் உடம்பில் பி12 இல்லை. கொடுத்ததும் பிள்ளைகள் தேறின. முப்பத்திரண்டு வருடம் கழித்து, 1994-ல், பைபாஸ் செய்த ஒரு அமெரிக்கத் தாயின் குழந்தையிடம் அதே குறைபாட்டை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஒரு பக்கம் இறைச்சி சாப்பிடாத வேலூர் பக்கத்து ஏழைத் தாய், இன்னொரு பக்கம் சாப்பிட்டும் உடம்பில் சேராத தாய். பிள்ளைக்கு வந்த நோய் ஒன்றுதான். என்னைப் போல சைவம் சாப்பிடுகிறவர் பைபாஸும் செய்திருந்தால் இரண்டும் ஒரே உடம்பில்.

இதில் பயமுறுத்துவது என்னவென்றால், கல்லீரலில் பி12 இருப்பு வருடக்கணக்கில் வரும். அதனால் குறைவது உடனே தெரியாது. அம்மா தெம்பாக ஆபீஸ் போய் வருவாள், பிள்ளை வாடும். ஃபோலிக் அமிலத்தை அதிக அளவில் எடுத்தால் ரத்தசோகை மறைந்து, நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரலாம். ஆகவே 'மாத்திரை போடுறேன்' என்பது போதாது, ரத்தப் பரிசோதனை வேண்டும். எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பி12 ஊசி. கூடவே இரும்பு, கால்சியம், டி வைட்டமின். கர்ப்பத்தில் வைட்டமின் ஏ-யை ரெட்டினாலாக எடுக்கக் கூடாது, பீட்டா கரோட்டினாகத்தான். கடையில் வாங்கும் பாட்டிலில் அதையும் படித்துப் பாருங்கள்.

அறுவை முடிந்து ஒன்று, ஒன்றரை வருடமாவது கருத்தரிக்க வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி, பல வருடம் உண்டாகாதவர்களுக்குத் திடீரென உண்டாகிவிடும். பைபாஸ் வயிற்றில் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படும் என்றும் நம்ப முடியாது. தமிழில் யாரும் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

சொல்லாததுதான் நம்மிடம் பெரிய பிரச்சினை. இங்கே கட்டாய மருத்துவக் காப்பீடு, பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்து, இரண்டு வருடம் முறையாகச் சிகிச்சை எடுத்தும் பலன் இல்லையென்றால் இந்த அறுவைக்கான செலவை ஏற்கிறது. நம்மவர்கள் பலர் செய்துகொள்கிறார்கள். கோயில் திருவிழாவில் யாராவது கேட்டால் "வாக்கிங் போறேன், சோத்தக் குறைச்சேன்" என்பதுதான் பதில். அது அவரவர் இஷ்டம். ஆனால் அதே பதிலை மருத்துவச்சியிடமும் சொல்லக் கூடாது. 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனைக்கு ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் கொடுப்பார்கள். பைபாஸ் வயிற்றில் அது குபுகுபுவென்று குடலில் இறங்கி, வியர்த்துக் கொட்டி, படபடத்து, மயக்கம் வரலாம். நமக்கு அதற்குப் பதில் ஒரு வாரம் வீட்டிலேயே விரல் நுனியில் குத்திப் பார்க்கலாம். அறுவை நடந்தது தெரிந்தால்தானே அவர்கள் அப்படிச் செய்வார்கள்?

இன்னொன்று. பைபாஸ் செய்த கர்ப்பிணிக்கு மேல்வயிற்றில் விடாமல் வலி வந்தால், வாயு என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். வளரும் கர்ப்பப்பை குடலைத் தள்ள, அறுவையில் உண்டான இடுக்கில் குடல் சிக்கிக்கொள்ளலாம். அது அவசர சிகிச்சைக்கான விஷயம். நள்ளிரவானாலும் கிளம்புங்கள், 'எனக்கு பைபாஸ் நடந்திருக்கிறது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பிரெஞ்சு வராது என்றால் அந்த ஒரு வாக்கியத்தையாவது போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிஸில் சட்டம் நம் பக்கம்தான், ஓரளவுக்கு. ஜெனீவா மாநிலத்தில் மகப்பேறு விடுப்பு 16 வாரம், மற்ற இடங்களில் 14. ஏழு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் தினம் 90 நிமிடம் சம்பளத்தோடு பால் கொடுக்க நேரம் உண்டு, பிள்ளைக்கு ஒரு வயது முடியும் வரை. அதன் பிறகு உங்கள் பாடு. இரண்டு வருடமும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதே ஊரிலிருந்துதான்! பாலூட்டல் ஆலோசனை மூன்று முறை காப்பீட்டில் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். 13-வது வாரத்திலிருந்து பிரசவமாகி எட்டு வாரம் வரை மருத்துவச் செலவில் நம் பங்கு எதுவும் கிடையாது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்தால் பில் ஏறுமே என்று தயங்குபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

என் விஷயத்தில் எடைபோட வேண்டியது வயிற்றில் இருப்பதன் வளர்ச்சியைத்தான். 2015-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், அறுவை செய்த பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் குறைவாகவும், எடை குறைந்த குழந்தைகள் அதிகமாகவும் இருந்தது. அதனால் மகளுக்குப் பகல் பாலை நிறுத்தி, சோறு, பருப்பு, முட்டை, தயிர் என்று பழக்கிவிட்டேன். அவளுக்கும் ஒருமுறை பி12 பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. இரவு ஒரு வேளை மட்டும் கொடுக்கிறேன். ஸ்கேனில் வளர்ச்சிக் கோடு இறங்கினால் அன்றே நிறுத்துவது என்று மருத்துவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "சரி, ஊசியாவது தேதி தவறாமப் போடு" என்றார்.