அந்துப் பூச்சிக்கு நாமகரணம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் செல்வோர், ரங்கநாதரைத் தரிசித்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். குழந்தைகள் உடன் வந்தால் சற்று மேற்கே போய், மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் பார்த்து வரலாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, மேலணைக் காப்புக் காட்டில், சுமார் 25 ஏக்கர் நிலத்தில் 2015-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூங்கா அது. பகலில் அங்கே மலருக்கு மலர் தாவும் பூச்சிகளைக் கண்டு மகிழாதார் இல்லை. பொழுது சாய்ந்ததும் வேறொரு கூட்டம் உலாவப் புறப்படுகிறது. அவையே அந்துப் பூச்சிகள். வண்ணத்துப் பூச்சிகளின் நெருங்கிய பந்துக்கள். நாமோ அவற்றை "விட்டில்" என்று ஒரே சொல்லில் அடக்கி, காலையில் விளக்கடியிலிருந்து பெருக்கித் தள்ளிவிடுகிறோம்.

உலகில் இதுவரை பெயர் பெற்ற செதிள் இறக்கைப் பூச்சிகள் ஏறக்குறைய 1,60,000 வகை. அவற்றுள் வண்ணத்துப் பூச்சிகள் 20,000-க்கும் குறைவே. மற்றவை யாவும் அந்துப் பூச்சிகள். பெயர் பெறாமல் இருட்டில் திரிபவை இன்னும் எத்தனையோ!

ஒரு பூச்சிக்குப் பெயர் வைப்பது எளிய காரியமன்று. முதலில், அது முன்பே பெயர் பெற்றதா என்று பழைய நூல்களையெல்லாம் துருவிப் பார்க்க வேண்டும். இறக்கையின் கோலம் ஏமாற்றக்கூடியது. ஆகையால் உள்ளுறுப்புக்களைப் பூதக் கண்ணாடியின் கீழ் ஒப்பிடுகிறார்கள். இக்காலத்தில் மரபணுவையும் சோதிக்கிறார்கள். பிறகு லத்தீன் முறையில் இரு சொற்பெயர் சூட்டி, வர்ணனையை வெளியிட வேண்டும். வர்ணனைக்கு ஆதாரமான பூச்சியின் உடலை ஒரு காட்சிசாலையில் பத்திரப்படுத்த வேண்டும். பின்னால் சந்தேகம் எழுந்தால் அந்த உடலே சாட்சி.

இதற்கு ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கர் தீவின் அந்துப் பூச்சி ஒன்று நல்ல உதாரணம். 1862-இல் சார்லஸ் டார்வினுக்கு அத்தீவின் ஆர்க்கிட் மலர் ஒன்று கிடைத்தது. அதன் தேன் ஏறக்குறைய ஓர் அடி நீளமான குழலின் அடியில் இருந்தது. அந்தத் தேனை எட்டும் நீண்ட உறிஞ்சு குழலுள்ள அந்துப் பூச்சி அங்கே இருந்தே தீர வேண்டும் என்றார் டார்வின். அவர் 1882-இல் காலமானார். 1903-இல்தான் ராத்ஸ்சைல்டும் ஜோர்டனும் அந்தப் பூச்சியை உலகுக்கு வர்ணித்தார்கள். முன்கூட்டிச் சொல்லப்பட்டது என்னும் பொருள்பட "பிரடிக்டா" என்று பெயரும் இட்டார்கள். ஆயினும் ஆப்பிரிக்கக் கண்டத்துப் பூச்சி ஒன்றின் கிளை வகையாகவே அது கருதப்பட்டு வந்தது. உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்ட பின், 2021-இல் "சாந்தோபான் பிரடிக்டா" என்ற தனி இனமாக அது அங்கீகாரம் பெற்றது. அதன் உறிஞ்சு குழல் 28.5 சென்டிமீட்டர் வரை அளக்கப்பட்டிருக்கிறது. அரை முழத்துக்கும் அதிகம்!

நம் நாட்டுக் கதை என்ன? நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹாம்ப்ஸன் என்ற ஆங்கிலேயர், இந்திய அந்துப் பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். அவருடைய உழைப்புக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் நம் மலைகளில் பறந்த பூச்சிகளின் சாட்சி உடல்கள் லண்டன் காட்சிசாலையைச் சேர்ந்தன. இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916-இல் கல்கத்தாவில் தோன்றிய பிறகு இங்கும் பெரிய சேகரம் வளர்ந்தது. ஹாம்ப்ஸன் 1893-இல் இலங்கையிலிருந்து வர்ணித்த "மிமியூசெமியா சிலோனிகா" என்னும் பூச்சியை, திருநெல்வேலிச் சீமையின் களக்காடு முண்டந்துறைக் காட்டில் நம்மவர்கள் 2013-இல் கண்டார்கள். அது இந்தியாவிலும் உண்டு என்ற செய்தி 2020-இல் வெளியாயிற்று. இடையே கழிந்தவை 127 ஆண்டுகள்!

"பெயர் தெரிந்து ஆவதென்ன?" என்று கேட்கலாம். காவிரிக் கரை நெல்லைத் துளைக்கும் குருத்துப் பூச்சியும் ஓர் அந்துப் பூச்சிதான். குடியானவனுக்கு அது பகை. அதே வயலோரத்தில், இரவு மலர்களுக்கு மகரந்தம் சுமக்கும் அந்துப் பூச்சிகளும் உண்டு. இன்னது இன்னதென்று அறியாமல் விஷ மருந்து தெளித்தால் பகையும் நட்பும் சேர்ந்தே மடியும். பெயரில்லாத ஜீவன் அழிந்தாலோ, அழிந்ததென்ற கணக்கும் இராது.

ஸ்ரீரங்கத்து நந்தவனங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் குறைவில்லை. ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரை பரவியுள்ள அரளி அந்துப் பூச்சியின் புழு இவ்விரு செடிகளின் இலையையும் தின்று வளரும். பசும்புழுவின் தலையருகே இரண்டு நீலக் கண்கள் போன்ற புள்ளிகள் தெரிந்தால் அதுவே இது. 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட இனம் அது. வீட்டுப் பிள்ளைகள் அதைக் கொல்லாமல் பார்த்து, கண்ட நாளையும் செடியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கட்டும். அடுத்த வாரம் விளக்கடியில் வேறொன்று வந்து அமரும், அதையும் குறிக்கட்டும். அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்காமலே இருக்கலாம்.