வளையாத தூண்டில்

கோடை விடுமுறை வந்துவிட்டால் தில்லித் தமிழர் குடும்பங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ரயிலேறி ஊருக்குப் போகிற கட்சி ஒன்று. வெயிலுக்குப் பயந்து மலைக்கு ஓடுகிற கட்சி இன்னொன்று. 1997-ஆம் ஆண்டு நாங்கள் இரண்டாவது கட்சியில் சேர்ந்தோம். அலுவலக நண்பர் ஒருவர் இமாசலப் பிரதேசத்தில் குல்லு மாவட்டத்துக்காரர். "எங்கள் தீர்த்தன் ஆற்றுக்கு வாருங்கள், டிரவுட் மீன் பிடிக்கலாம்" என்று அழைத்திருந்தார்.

நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன். மூங்கில் கழி, தக்கை, மண்புழு, ஒரு முள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு கெண்டையும் கெளுத்தியும் பிடித்தவனுக்கு யார் என்ன சொல்லித் தர வேண்டும் என்ற மிதப்பு எனக்கு. அப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கென்று ஒரு தூண்டில் கோல் வாங்கக் கடைக்குப் போனேன். "பெரிதாக, உறுதியாக ஒன்று கொடுங்கள்" என்றேன். கடைக்காரரும் கொடுத்தார். ஒன்பதடி நீளம், கட்டை விரல் பருமன். கையில் வாங்கியதும் கொடுத்த காசுக்குக் கனம் இருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

ஆற்றங்கரையில் குட்டு வெளிப்பட்டது. நண்பர் கொடுத்த 'ஸ்பின்னர்' என்ற பொய் இரை ஐந்து கிராம்தான் இருக்கும். சிறிய உலோகத் தகடு, தண்ணீரில் இழுத்தால் சுழன்று மின்னும். மகள் வீசினாள். பத்தடி தூரத்தில் விழுந்தது. பலமாக வீசினாள். காலடியிலேயே விழுந்து நரம்பு சிக்கலானது. இரண்டு நாள் முயன்றாள். இரண்டாம் நாள் மாலை கோலைப் பாறைமேல் சாய்த்து வைத்துவிட்டு, "என் கை சரியில்லைப்பா, எனக்கு இதெல்லாம் வராது" என்றாள். அதன்பின் அவள் அதைத் தொடவே இல்லை.

நண்பர் கோலை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். கைப்பிடிக்குச் சற்று மேலே '60–120 கிராம்' என்று அச்சிட்டிருந்தது. கடற்கரையில் நின்று ஈயக்குண்டு கட்டி வீசுகிற கோல் அது! கோப்பில் அடிக்குறிப்பைக்கூட விடாமல் படிக்கிற அரசு ஊழியன் நான். கோலில் எழுதியிருந்ததை மட்டும் படிக்கவில்லை.

அந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் வளைய வேண்டும்?

மண்புழுத் தூண்டிலில் கோலுக்கு அதிக வேலை இல்லை. நரம்பைத் தண்ணீரில் இறக்கினால் போதும். பொய் இரை அப்படியல்ல. அதைத் தொலைவில் வீசி, ரீலைச் சுற்றி இழுக்க வேண்டும். வீசுவது நம் கை என்று நினைக்கிறோம். உண்மையில் வீசுவதில் கோலுக்கும் பெரிய பங்கு உண்டு. கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் முன்னுக்குத் தள்ளும்போது, இரையின் எடை கோலின் நுனியை வளைக்கிறது. வளைந்த நுனி நிமிரும்போது இரையை உந்தி அனுப்புகிறது. வில் வளைந்தால்தானே அம்பு பாயும்?

ஐந்து கிராம் இரையால் கடல் கோலை வளைக்க முடியாது. வளையாத கோல் வெறும் கம்புதான். பீமன் வந்து வீசினாலும் அது போகாது. மாறாக, மெல்லிய கோலில் கனத்த இரையைக் கட்டி ஓங்கி வீசினால் நுனி முறியும். ஆகவே முதலில் இரை, பிறகுதான் கோல்.

தாத்தா காலத்துக் கணக்கு

கோல்மேல் இரையின் எடையைச் சிலர் கிராமில் எழுதுகிறார்கள், சிலர் அவுன்ஸில் எழுதுகிறார்கள். ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம். கால் அவுன்ஸ் 7 கிராம். எட்டில் ஒரு பங்கு என்றால் நம் அரைக்கால், அது மூன்றரை கிராம். பதினாறில் ஒரு பங்கு என்றால் மாகாணி, இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு குல்லு மலையில் உதவுகிறது பாருங்கள்! கையால் எடை பழக வேண்டுமானால், இப்போது புழங்கும் மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கிராமை ஒட்டி இருக்கும்.

டிரவுட்டுக்கு 3 முதல் 7 கிராம் வரையுள்ள இரைகள் போதும். அதற்கு 2–10 கிராம் என்று எழுதிய கோல் பொருத்தம். எழுதிய எல்லையின் நடுப்பகுதியில்தான் எந்தக் கோலும் நன்றாக வீசும். விளிம்பில் அல்ல. இத்தகைய கோலை 'அல்ட்ரா லைட்' அல்லது 'லைட்' என்பார்கள். ஒவ்வொரு கம்பெனியும் இச்சொற்களைத் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்துவதால், பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

நீளமும் வளைவும்

மலை ஆற்றங்கரையில் புதரும் மரக்கிளையும் அதிகம். அங்கே ஆறு, ஆறரை அடிக் கோல் வசதி. அகன்ற ஏரி, அணைக்கட்டு என்றால் ஏழடி. அதற்கு மேல் சிறுவர்களுக்குக் கை வலிக்கும்.

கோல் எங்கே வளைகிறது என்பதும் முக்கியம். நுனி மட்டும் வளைவதை 'ஃபாஸ்ட்' என்பார்கள். குறி நன்றாக அமையும், ஆனால் கை பழகியிருக்க வேண்டும். பாதிவரை வளைவது 'மாடரேட்'. புதியவர்கள் எளிதில் வீசலாம். மீன் துள்ளும்போது மெல்லிய நரம்பு அறாமலும் காக்கும். முதல் கோலுக்கு இரண்டுக்கும் இடைப்பட்டதே நல்லது.

கார்பன் கோல் எடை குறைவு, மீன் தொட்டால் கைக்கு உடனே தெரியும். கண்ணாடி இழைக் கோல் சற்றுக் கனம், ஆனால் குழந்தைகள் கீழே போட்டாலும் தாங்கும். ஓர் எச்சரிக்கை: கார்பன் வழியே மின்சாரம் பாயும். மின்கம்பிக்கு அடியில் கோலை உயர்த்தக் கூடாது. இடி மின்னல் என்றால் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள்.

ரீலும் நரம்பும்

ஸ்பின்னிங் கோலில் ரீல் கோலுக்குக் கீழே தொங்க வேண்டும். வளையங்களும் கீழ்ப்பக்கம் இருக்கும். மேலே வைத்துச் சுற்றுபவர்களை ஆற்றங்கரையில் நிறையப் பார்க்கலாம். சங்கடப்பட வேண்டாம், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ரீல் 1000 அல்லது 2000 என்று எண்ணிட்ட சிறிய அளவு போதும். நரம்பு 4 முதல் 6 பவுண்டு. தடித்த நரம்பு வளையங்களில் உரசி இலேசான இரையை இழுத்துப் பிடித்துவிடும். நரம்பை ரீலின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழேவரை நிரப்புங்கள். குறைவாகச் சுற்றினாலும் வீச்சு குறையும்.

கடையில் செய்ய வேண்டியவை

கோலை மாட்டி, ரீலையும் பொருத்திக் கையில் பிடித்துப் பாருங்கள். நுனி பாரமாக முன்னே சாயக் கூடாது. சிறிது பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் தடவுங்கள். இழை மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது. அது நரம்பை அறுத்துவிடும். ரீலுக்கு அடுத்த வளையம் பெரிதாக இருக்க வேண்டும், ஏனெனில் நரம்பு அங்கே சுருள் சுருளாக வருகிறது. இரவு பஸ்ஸில் பயணம் செய்யும் நம்மைப் போன்றவர்களுக்கு நான்கு துண்டாகக் கழற்றும் கோல் உகந்தது, பெட்டிக்குள் அடங்கிவிடும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மலிவான மடக்குக் கோல்கள் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும், இலேசான இரைக்கு உதவாது.

வாங்கியதும் ஆற்றுக்கு ஓடாதீர்கள். முள் இல்லாமல், அதே எடையில் ஒரு சிறு நட்டைக் கட்டி, ஆளில்லாத நேரத்தில் பூங்காவில் பழகுங்கள்.

ஆற்று மரியாதை

டிரவுட் இம்மலைகளுக்கு வந்தேறிய மீன். குல்லுவுக்கு வந்தது 1909-ஆம் ஆண்டு. நம் நீலகிரி அவலாஞ்சியில் அதற்கு இரண்டாண்டு முன்பே பொரிப்பகம் அமைத்துவிட்டார்கள். நம்மைப் போலவே எங்கிருந்தோ வந்து இங்கே ஊன்றிக்கொண்ட ஜீவன்! இமாசலத்தில் மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. நவம்பர் முதல் பிப்ரவரி இறுதிவரை முட்டையிடும் காலம், டிரவுட் பிடிக்கத் தடை. கோடை முற்றினால் பனி உருகி ஆறு கலங்கும். மார்ச், ஏப்ரல் மாதங்கள் தோதானவை. சைவ அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டு, ஈரக் கையால் மீனைப் பிடித்து உடனே ஆற்றில் விட்டுவிடுகிறவர்கள் இப்போது அதிகம். நாங்களும் அக்கட்சிதான்.

சென்ற ஆண்டு ஏப்ரலில், மகளோடும் பத்து வயதுப் பேத்தியோடும் மறுபடி தீர்த்தன் கரைக்குப் போனேன். இம்முறை கையில் ஆறரை அடிக் கோல், 2–10 கிராம். நண்பர் காலமாகிவிட்டார். அவர் காட்டிய பாறை அப்படியே இருந்தது. பேத்தி மூன்றாவது வீச்சிலேயே நடு ஆற்றுப் பாறைக்குப் பின்னே, நீர் தேங்கும் இடத்தில் இரையைப் போட்டுவிட்டு, "தாத்தா, பாத்தீங்களா!" என்று குதித்தாள்.

மகள் சிறிது நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கொடுடி, நானும் ஒரு தடவை" என்று வாங்கி வீசினாள். ஸ்பின்னர் எதிர்க்கரையோரம் போய் விழுந்தது. என் பக்கம் திரும்பி, "அப்பா! அப்போ என் கை நல்லாத்தான் இருந்திருக்கு!" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு எண்ணைப் படிக்காமல் விட்டதற்கு அவள் இத்தனை வருடம் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இந்தக் கோடையில் குழந்தைகளுக்குத் தூண்டில் வாங்கப் போகிறீர்களா? கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கும் கிராமைப் படித்துவிட்டுப் பிறகு பர்ஸைத் திறங்கள்.