அசையாத விளக்கு அலைவது ஏன்?

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வாசகி ஒருவர் ஒரே கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். மகன் கைபேசியில் 'டிரெட்ஜ்' என்ற மீன்பிடி விளையாட்டு ஆடுகிறானாம். அதில் இருட்டிய பிறகும் படகை ஓட்டினால் திகில் ஏறி, இல்லாத பாறைகள் கண்முன் வருகின்றனவாம். இதில் அறிவியல் ஏதும் உண்டா என்பது முதல் கேள்வி. மழை விட்ட இரவுகளில் லயத்து வாசலிலிருந்து பார்த்தால் எதிர்மலையில் ஒற்றை வெளிச்சம் மேலும் கீழும் அலைகிறது, மாமியார் கொள்ளிவாய்ப் பிசாசு என்கிறார், அது என்ன என்பது இரண்டாவது. கடிதத்தில் இவை வேறு வேறு பத்திகளில் இருந்தாலும், சேர்த்துப் பதில் சொல்லவேண்டிய கேள்விகள்.

டிரெட்ஜ், நியூசிலாந்தின் பிளாக் சால்ட் கேம்ஸ் என்ற சிறிய குழு உருவாக்கி 2023 மார்ச்சில் வெளிவந்தது. பகலில் மீன் பிடித்துக் கரையில் விற்கலாம். இரவானால் திகிலின் அளவு ஏறத் தொடங்கும். படகு விளக்கைப் போட்டால் ஏறும் வேகம் குறையும், உறங்கினால் தணியும். இதுபோன்ற விளையாட்டு வரும்போதெல்லாம் அச்சத்தின் நரம்பியலையே பிடித்துவிட்டார்கள் என்ற புகழ்ச்சியும் கூடவே வந்துவிடுகிறது. அதை நான் ஏற்பதில்லை. உள்ளே ஓர் எண் கூடுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் பாறை வரையப்படுகிறது. நல்ல கலை, ஆனால் மூளை அப்படி வேலை செய்வதில்லை. மூளை செய்யும் வேலை இதைவிட அழகானது.

நம் கண் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. ஒரு புள்ளியையே உற்றுப் பார்க்கும்போதும் அது மெல்ல நழுவும், பிறகு சிறு துள்ளலில் திரும்பி வரும். விழித்திரையில் விழும் உருவமும் கூடவே நகரும். ஆனாலும் சுவர் ஆடுவதாக நமக்குத் தெரிவதில்லை. கண்தசைக்குத் தான் இட்ட கட்டளையை மூளை நினைவில் வைத்திருந்து, அந்த அளவைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டுமே உலகத்தின் அசைவாக எடுத்துக்கொள்கிறது.

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தராசு காட்டும் எடையில் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கொழுந்தின் எடை எழுதப்படுகிறது. பகலில் சாக்கு கண்முன் கிடக்கிறது. கழிவு சரியா என்று பார்த்துக்கொள்ளலாம். இருட்டில் நிறுத்தால்? கணக்கப்பிள்ளை கைப்பழக்கத்தில் ஏதோ ஒன்றைக் கழிப்பார். சாக்கு நனைந்திருந்தால் கழிவு போதாது. மிச்சத் தண்ணீரும் கொழுந்தாகப் புத்தகத்தில் ஏறிவிடும். காய்ந்த சாக்குக்கு ஈரக் கழிவு போட்டால் பறித்தவளின் உழைப்பு போய்விடும். இந்தக் கழிவுக்காகத் தோட்டங்களில் நடந்த வாக்குவாதங்கள் கொஞ்சமா? மூளைக்குள்ளும் அதே வழக்குத்தான். சுற்றிலும் மரமும் கூரையும் தெரியும்வரை கழிவைச் சரிபார்க்க முடிகிறது. கும்மிருட்டில் ஒற்றைப் புள்ளி மட்டும் இருந்தால் முடிவதில்லை. களைத்த தசையை நிலையாகப் பிடித்துவைக்கக் கூடுதல் கட்டளை போகிறது; கண் நகராமலே கழிவு விழுகிறது; அந்தப் பிழை முழுவதும் விளக்கின் பெயரில் எழுதப்படுகிறது. விளக்கு அலைகிறது. இது இன்றைக்குப் பலராலும் ஏற்கப்படும் விளக்கம், இன்னும் முழுமையானதல்ல.

இந்த மயக்கத்தின் வரலாறு சுருக்கமாக. 1799இல் டெனரீஃப் மலையில் நட்சத்திரங்கள் தள்ளாடுவதைக் கண்ட இயற்கையியலாளர் ஹம்போல்ட் அது வானத்தில் நடப்பதாகவே நினைத்தார். ஆளுக்கொரு திசையில் தெரிகிறது, ஆகவே கோளாறு பார்ப்பவரிடம்தான் என்று புரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1935இல் உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, அசையாத புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டார். தனியாகக் கேட்டபோது விடைகள் வெகுவாக வேறுபட்டன. கூட்டமாக உட்காரவைத்துக் கேட்டபோது மெல்ல மெல்ல ஓர் அளவுக்கு வந்து சேர்ந்தன. பிறகு தனியே அழைத்துக் கேட்டாலும் அந்த அளவையே சொன்னார்கள். லயத்து வாசலில் நாலு பேர் சேர்ந்து பார்க்கும் வெளிச்சம் ஏன் நாலு பேருக்கும் ஒரே மாதிரி அலைகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மாமியார் பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொல்கிறார்.

கொள்ளிவாய்ப் பிசாசு என்றதும் சதுப்பு வாயு, மீத்தேன் என்று எழுதிவிடுவது நம் பத்திரிகைகளின் வழக்கம். மீத்தேன் தானாகத் தீப்பற்ற 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். தேயிலைச் சரிவு சதுப்பும் அல்ல. எதிர்மலையில் யாரோ தொங்கவிட்ட பல்பு ஒன்று போதும்.

இனி விளையாட்டுக்கு வருவோம். கைபேசியில் இந்த மயக்கம் எழாது. திரையின் நாலு விளிம்பும் எப்போதும் சட்டம்போல் தெரிந்துகொண்டிருப்பதால் கழிவு சரியாகவே விழுகிறது. அதனால்தான் பாறையைக் கலைஞர்கள் கையால் வரையவேண்டியிருக்கிறது. விளக்கைப் போட்டால் பயம் குறையும் என்ற விதியிலும் பாதிதான் உண்மை. பனிமூட்டத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள்: நீர்த்துளிகள் ஒளியைக் கண்ணுக்கே திருப்பி அனுப்ப, முன்னால் வெள்ளைச் சுவர் எழும், பாதை மறையும். டோர்ச்சை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால் அந்தச் சுவர் கொஞ்சம் விலகும்.

மகனுக்கும் ஒரு சொல். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. பிரகாசமான திரையை ஒரு நிமிடம் பார்த்தாலே அதில் பெரும்பகுதி வீணாகிவிடும். ஆடி முடித்த கையோடு பீலிக்கரைக்கு இறங்குபவன் அரைக்குருடனாகத்தான் இறங்குகிறான். அங்கே கிடக்கும் பாம்பு யாரும் வரைந்ததல்ல.

அந்த வெளிச்சத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வாசல் தூணில் தலையைச் சாய்த்து அசையாமல் நின்று, வெளிச்சத்தைக் கூரைத் தகரத்தின் விளிம்போடு சேர்த்துப் பாருங்கள். விளிம்பு தெரியும் அளவுக்குப் பின்னால் ஒரு குப்பி விளக்கு எரியட்டும். இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறாமல் இருந்தால் விளக்கு நிற்கிறது. மாறினால் யாரோ கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.